ஒருக்காக் குடுத்த இலக்கம்

அவள் சிரித்து நான் கண்டதில்லை. மருதனார்மடச் சந்தியில் மாடியில் இருக்கும் என் கந்தோருக்கு ஒன்றரை வருடம் வந்துபோனாள். ஒரு நாள்கூட இல்லை. ஸ்கூட்டரில் வருவாள். படியேறி வந்ததும் தலைக்கவசத்தைக் கழற்றி என் மேசையில், அதுவும் கலியாணக் குறிப்புகள் அடுக்கிக் கட்டியிருக்கும் கட்டுக்கு மேலே, கவிழ்த்து வைப்பாள். முதல் நாளே சொன்னேன்.

"பிள்ளை, உதை அங்காலை வையும். உதுக்குக் கீழை கிடக்கிறது சனத்தின்ரை சாதகம்."

"கடுதாசிதானே ஐயா. இன்னும் ரெண்டு மாதத்திலை உது ஒண்டும் உங்களுக்குத் தேவைப்படாது."

தலைக்கவசத்தை எடுக்கவில்லை. அன்றைக்குப் பிடித்த வெறுப்பு எனக்கு. அவள் இப்போதும் கரவெட்டியில்தான் இருக்கிறாள். பேர் சொல்லமாட்டேன். இதை வாசித்தால் வாசிக்கட்டும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பழைய சைக்கிள் ஒன்றின் கரியரில் சீலைப் பையைக் கட்டி, அதற்குள் பன்னிரண்டு குறிப்பை வைத்துக்கொண்டு கலியாணம் பேசத் தொடங்கினேன். யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை. இன்றைக்கு என்னால் தாலி ஏறிய கழுத்துகளை வரிசையில் விட்டால் சந்தியிலிருந்து சுன்னாகம் வரைக்கும் போகும். டொக்டர்மார் வந்து என் வாசலில் செருப்பைக் கழற்றியிருக்கிறார்கள். நான் எந்தப் படித்தவன் வாசலிலும் போய்க் கழற்றியதில்லை. கரவெட்டியில் ஒரு வாசலைத் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு முதல் என்று இருந்தது ஞாபகம் ஒன்றுதான். ஒரு பேரைச் சொன்னால் தகப்பன் யார், தாய்வழி எந்த ஊர், எந்த மாமன் எந்த நாட்டில், எந்தச் சம்பந்தம் எதனால் குழம்பியது, எல்லாம் சொல்லுவேன். கொப்பி பார்த்தது கிடையாது. ஆனால் வெளிநாட்டுச் சனம் குறிப்பையும் படத்தையும் போனிலேயே பார்க்க வேண்டும் என்று நின்றது. கனடாவில் இருப்பவன் என் மாடிப்படி ஏறுவானா? வலைத்தளம் ஒன்று செய்யத்தான் அவளைக் கூப்பிட்டேன். கெட்டிக்காரி என்றார்கள். அதை நான் மறுக்கவில்லை.

வந்து இருந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "உங்களிட்டை இருக்கிற ஆக்களை எப்பிடிப் பிரிச்சறியிறியள்?"

"பேரைச் சொன்னால் எனக்குக் காணும்."

அவள் கட்டுக்குள் கையை விட்டுக் கிண்டி மூன்று குறிப்பை இழுத்து மேசையில் பரப்பினாள். மூன்றும் க. சுகந்தினி. மூன்றும் உத்தரம். இரண்டு ஒரே ஊர். நான் கண்ணாடிகூடப் போடவில்லை.

"இது தகப்பன் சுருட்டுக்கடை வைச்சிருந்த சுகந்தினி. இது தமையன் சுவிஸிலை இருக்கிறவ. உது, இடது கண்ணுக்குக் கீழை மச்சம் இருக்கிற பிள்ளை."

வேறு யாராக இருந்தாலும் வாயைப் பிளந்திருப்பார்கள். அவள், "சரி, நாளைக்கு நீங்கள் இல்லையெண்டால்?" என்றாள்.

"நான் எங்கை போறன்?"

"மேலை."

தட்டெழுதும் மலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினாள். அவளுக்கு என்னிடம் பத்து வருட வேலை. என் முன்னால் சிரித்ததில்லை.

"பேர் ஒரு ஆளைக் காட்டாது ஐயா," என்றாள் இவள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. "பேர் மாறும். எழுதிற விதம் மாறும். ஒவ்வொருத்தருக்கும் ஒரு இலக்கம். ஒரு இலக்கத்துக்கு ஒரு ஆள். ஒருக்காக் குடுத்தால் குடுத்ததுதான்."

இந்தக் கடைசி வசனத்தை ஒன்றரை வருடத்தில் எத்தனை தரம் கேட்டேன் என்பது ஆஞ்சநேயருக்குத்தான் தெரியும்.

சரி, இலக்கம்தானே என்று நானும் இறங்கி வந்தேன். எனக்கும் யோசனை வரும். இலக்கத்தின் முதல் இரண்டும் ஊரைச் சொல்லட்டும், அடுத்த இரண்டும் நட்சத்திரத்தைச் சொல்லட்டும், அதற்குப் பின்னால் பகுதியைக் குறிக்க, சாதியைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம், ஒன்று போடுவோம். இலக்கத்தைப் பார்த்த உடனே ஆள் யாரென்று விளங்கிவிடும் என்றேன். ராத்திரி முழுக்க இருந்து யோசித்த யோசனை. அவள் பேனையைக்கூட எடுக்கவில்லை.

"ஊர் மாறும். இடம்பெயர்ந்த சனத்துக்கு எது ஊர்? பிறந்த நேரம் பிழையெண்டு நாளைக்கு ஒரு சாத்திரி சொன்னால் நட்சத்திரம் மாறும். மாறிற சாமான் ஒண்டையும் இலக்கத்துக்குள்ளை வைக்கப்படாது."

"பகுதி மாறாது."

"உங்களுக்கு மாறாது ஐயா. எனக்கு அது தேவையுமில்லை. இலக்கம் ஒரு கதையும் சொல்லப்படாது. அதுதான் இலக்கம்."

சனத்தின் கதையைச் சொல்லியே சோறு தின்றவனிடம் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? நான் கட்டியெழுப்பிய தொழில் முழுவதையும் அவள் ஒரு குப்பைக்கூடை போலப் பார்த்தாள்.

இலக்கம் வந்தது. வெறும் ஒன்று, இரண்டு, மூன்று என்று இயந்திரம் தானே போட்டுக்கொண்டு போனது. வலைத்தளத்துக்குள் போகிறவர்களுக்கும் இலக்கம் உண்டு. எனக்கு என்ன விழுந்திருக்கிறது என்று பார்த்தேன். நாலு.

"முதலாளி நான். எனக்கு நாலோ? ஒண்டு ஆருக்கு?"

"ஒருத்தருக்குமில்லை. நான் பரீட்சிச்சுப் பாக்கேக்கை ஒண்டு, ரெண்டு, மூண்டு போட்டுது. அதுகளை அழிச்சாச்சு."

"அழிச்சதெண்டால் அது வெறுமையாத்தானே கிடக்கு? அந்த ஒண்டை எனக்குத் தாருமன்."

"அழிச்சாலும் அது போனதுதான் ஐயா. திரும்பக் குடுக்கேலாது."

"என்ரை கந்தோர், என்ரை கொம்பியூட்டர்."

"ஓம். நாலாம் ஆள்."

இதைத் திமிர் என்று சொல்லாமல் வேறு எதைத் திமிர் என்று சொல்வது?

நாங்கள் ஒருவரைப் புதிதாகக் கண்டால் எந்த ஊர், எவடம், ஆற்றை பிள்ளை என்று கேட்போம். அது மரியாதை. கேட்காவிட்டால்தான் குறை. அவளிடம் கேட்டேன். "வேலைக்கு அது தேவையோ?" என்றாள். இரண்டு நாளில் நானே விசாரித்து எடுத்துவிட்டேன்: தகப்பன் இல்லை, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த தாய், வயது முப்பத்தாறு, கட்டவில்லை. மனம் இளகித்தான், "பிள்ளை, உமக்கும் ஒண்டு பாப்பம், காசு வேண்டாம்," என்றேன். சனம் என்னிடம் கெஞ்சிக் கேட்கும் காரியம் அது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்ரை குறிப்பு உங்கடை மேசை லாச்சிக்குள்ளை வராது," என்றாள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் பட்டியலில் இருந்த பிள்ளை ஒன்று காய்ச்சலில் போய்விட்டது. தகப்பன் வந்து, "பேரை எடுத்துவிடுங்கோ, ஆரும் படத்தைப் பாத்திட்டுப் போன் எடுத்துக் கேக்கினம்," என்று அழுதான். இவள்தான் பேரை, படத்தை, குறிப்பை எல்லாம் எடுத்தாள். ஆனால் முந்நூற்றுப் பதினெட்டுக்குப் பிறகு முந்நூற்று இருபது. நடுவில் பொக்கை. பார்க்கிற சனம், "பத்தொன்பது எங்கை, ஒளிச்சு வைச்சிருக்கிறியளோ?" என்று கேட்கும். நான் பொய் சொல்லிக் களைத்துப்போனேன்.

"உந்தப் பொக்கையை அடையும் பிள்ளை. அடுத்த ஆளுக்கு அதைக் குடும்."

"அது அவவின்ரை," என்றாள்.

"அவ செத்துப்போனா."

"ஓம். அப்பவும் அவவின்ரைதான்."

மலர் அன்றைக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. நான் அதைப் பிடிவாதம் என்றுதான் எடுத்தேன். இப்போதும் வேறு பேர் வைக்க எனக்கு மனமில்லை.

முறிவு வந்தது எட்டால். கொக்குவிலில் இருந்து ஒரு தாய் வந்தா. மகளுக்கு நானூற்று நாலு விழுந்திருக்கிறது. கூட்டினால் எட்டு, சனியன், இதை வைத்துக்கொண்டு என் பிள்ளைக்கு எப்படிக் கலியாணம் சரிவரும் என்று நின்றா. நியாயம்தானே? சனம் காரின் இலக்கத்துக்கே கூட்டிப் பார்க்கிறது. மாற்றும் என்றேன். மாட்டேன் என்றாள். அந்தத் தாய்க்கு முன்னாலேயே, "உது வெறும் இலக்கம் அம்மா. எட்டுக்கு உங்கடை மகளைத் தெரியாது," என்றாள். தாய் குறிப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு படியிறங்கிவிட்டா.

"நாளையிலிருந்து நீர் வரத் தேவையில்லை," என்றேன்.

"சரி ஐயா."

அவ்வளவுதான். ஒரு சொல் கெஞ்சவில்லை. தலைக்கவசத்தை எடுத்து, ஒரு துண்டில் ஒரு வரி எழுதி மலரின் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். 'இலக்கத்தைக் கையால் தொடாதேங்கோ.' மலர் அதைத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினாள். நான் கிழித்து எறிந்தேன்.

கொழும்பில் ஒருவரைப் பிடித்தேன். போனிலேயே வேலை செய்தார், தங்கமான மனிசன், எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். இலக்கத்தை நாங்களே கையால் அடிக்கும்படி திறந்துவிட்டார். சனம் சந்தோசப்பட்டது. ஐந்து கேட்டவருக்கு ஐந்து, ஒன்பது கேட்டவருக்கு ஒன்பது.

அப்போதுதான் இருநூற்றுப் பதினாறின் ராசி தெரியவந்தது. கூட்டினால் ஒன்பது. அந்த இலக்கத்தில் இருந்த அச்சுவேலிப் பிள்ளைக்கு மூன்றே கிழமையில் லண்டன் எஞ்சினியர் பொருந்தினார். கதை பரவிவிட்டது. "அண்ணை, எங்கடை பிள்ளைக்கும் அந்த இலக்கம் கிடைக்குமோ?" என்று சனம் கேட்டது. அச்சுவேலிப் பிள்ளை கட்டிப் போய்விட்டது. அதற்கு இனி இலக்கம் எதற்கு? அதை எடுத்து இரண்டாவது பிள்ளை ஒன்றுக்குக் கொடுத்தேன். இந்த இரண்டாவது பிள்ளையின் ஊரைச் சொல்லமாட்டேன்.

அந்தப் பிள்ளைக்கும் உடனே பொருந்தியது. எழுத்தும் நடந்தது. வெளிநாட்டுச் சம்பந்தங்களில் விசாவுக்காக முதலில் பதிவுத் திருமணம் எழுதிவிடுவோம், தாலி பிறகு. எழுதியபின் மாப்பிள்ளை பகுதி விலகினால் அந்தப் பிள்ளையின் கதை கந்தல். அதுதான் நடந்தது. எங்கள் கந்தோரில் மறைப்பு இல்லை. அதுதான் என் பெயர். ஒவ்வொரு ஆளின் பக்கத்திலும் கீழே, யார் கேட்டார்கள், யார் விலகினார்கள், ஏன் என்று எழுதி வைப்போம். பேச்சு நடக்கும் மற்ற வீட்டாருக்கு மட்டும் அது திறக்கும். எழுத்து முறிந்ததையும் எழுதினோம். தாய் தகப்பன் வெட்கப்பட்டு, பட்டியலில் இருந்து எடுக்கச் சொன்னார்கள். எடுத்தோம்.

மூன்றாவதாக அதே இலக்கம் தொண்டைமானாற்று வாத்தியாரின் மகளுக்குப் போனது. வாத்தியார் ஓய்வு பெற்றவர். மகளுக்கு முப்பத்துநாலு வயது. செவ்வாய்க் குற்றம் என்று பத்து வருடம் தள்ளிப்போன பிள்ளை. நான்தான், "இந்த இலக்கத்தைப் பிடியுங்கோ வாத்தியார், மிச்சத்தை நான் பாக்கிறன்," என்று கொடுத்தேன். நோர்வேயில் ஒரு மாப்பிள்ளை வந்தார். அவருக்கும் செவ்வாய். அளவெடுத்துத் தைத்தது போல எல்லாம் பொருந்தியது. மாப்பிள்ளைக்கு மேலே ஒரு அக்கா. அந்த வீட்டில் அவ சொன்னால்தான் எதுவும். அவவும் சரி என்றா. எழுத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு காலை வாத்தியார் படியேறி வந்து, மூச்சு வாங்க வாங்க என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ரை பிள்ளைக்கு எப்ப எழுத்து நடந்தது? சொல்லும். தகப்பன் எனக்குத் தெரியாமல் எப்ப நடந்தது?"

"இருங்கோ வாத்தியார். என்ன கதைக்கிறியள்?"

"நோர்வேயிலை இருந்து அவ எடுத்துக் கேக்கிறா, எழுத்து முறிஞ்ச பிள்ளையை எங்கடை தலையிலை கட்டப் பாக்கிறியளோ எண்டு. உம்மடை வலைத்தளத்திலை கிடக்காம். பிள்ளை ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை. அறைக்கதவு திறக்கேல்லை."

மலர் பக்கத்தைத் திறந்தாள். மேலே வாத்தியாரின் மகள், படம், குறிப்பு, எல்லாம் சரி. கீழே இழுத்தாள். இரண்டாவது பிள்ளையின் கதை அப்படியே கிடந்தது, தேதியோடு. பேரும் படமும் ஒரு லாச்சியில், நடந்த கதை வேறொரு லாச்சியில். இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கும் கயிறு அந்த இலக்கம்தான். இது எனக்குப் பிறகு விளங்கியது. நாங்கள் மேல் லாச்சியை மட்டும் வெறுமையாக்கிவிட்டுப் புதுப் பிள்ளையை வைத்திருக்கிறோம்.

வாத்தியாரின் முகத்தைப் பார்த்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"உது கொம்பியூட்டர் பிழை வாத்தியார். முந்தி ஒரு கரவெட்டிக்காரி செய்துவிட்ட அலங்கோலம்."

அன்றைக்கு அதை மூன்று பேருக்குச் சொன்னேன். அடுத்த நாள் இன்னும் கொஞ்சப் பேருக்கு. நெல்லியடியில் தனியார் வகுப்பு நடத்தும் ஒரு ரியூட்டரிக்கு அவள் வேலை செய்துகொண்டிருந்தாள் என்றும், என் கதையைக் கேட்டு அவர்கள் அவளை நிற்பாட்டிவிட்டார்கள் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டபோது கவலைப்பட்டேன் என்று சொன்னால் பொய்.

கொழும்பு மனிசன் இரண்டு தரம் ஓம் என்றார். மூன்றாம் தரம் போன் எடுக்கவில்லை. கதையை அழித்துப் பார்ப்போமா என்றாள் மலர். அழித்தால் நோர்வே அக்கா, ஒளிக்கிறார்கள் என்று சொல்லுவா. எந்தக் கதை எந்தப் பிள்ளைக்கு உரியது என்று பிரித்துக் காட்டினால்தான் வழி. வாத்தியார் மூன்றாம் நாள் எடுத்து, "பிள்ளைக்கு சேலைன் ஏத்துகினம்," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

கரவெட்டிக்குப் போனேன்.

முன் விறாந்தையில் அவளின் தாய் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தா. "ஆர்?" என்றா. "மருதனார்மடத்தாலை," என்றேன். தாயின் கை நின்றது. உள்ளே இருந்து அவளின் குரல் வந்தது.

"வரச் சொல்லுங்கோ அம்மா. செருப்பைக் கழட்டிப்போட்டு."

கழற்றினேன். உள்ளே போனேன். இருக்கச் சொல்லவில்லை.

"இருநூற்றிப் பதினாறை எத்தினை பேருக்குக் குடுத்தனீங்கள்?"

நான் இன்னும் வாயே திறக்கவில்லை. "உமக்கு ஆர் சொன்னது?"

"நான் செய்ததெண்டு ஊர் முழுக்க நீங்கள்தானே சொன்னனீங்கள். எனக்கு மட்டும் கேக்காதோ?"

"மூண்டு பேருக்கு."

"வேறை எத்தினை இலக்கம் இப்பிடி?"

மனதுக்குள் எண்ணினேன். "பதினொண்டு."

அவளின் முகத்தில் முதல் தரமாக ஏதோ மாறியது. அடிபட்ட ஆள் போல ஒரு கணம் திரையைப் பார்த்தாள். "பதினொண்டோ," என்று தனக்குள் சொன்னாள். பிறகு காலால் ஒரு கதிரையை என் பக்கம் தள்ளினாள்.

காலை பத்து மணிக்குத் தொடங்கினோம். அவள் தேதியை மட்டும் வாசிப்பாள். "ஐப்பசி, புதன்கிழமை எழுதினது. இது ஆற்றை?" நான் சொல்லுவேன். "அதுக்கு அடுத்த கிழமை ரெண்டு வரி. இது?" சொல்லுவேன். எந்த வீட்டார் வந்தது, வந்த அன்று மழையா, என்ன சொல்லி விலகினார்கள், எல்லாம். ஒருக்காலும் இரண்டாந்தரம் கேட்க விடவில்லை. அந்த மண்டைக்குள் இருந்து எடுத்துத்தான் அவள் அத்தனை பேரையும் பிரித்தாள். இதை அவள் யாருக்கும் சொல்லியிருக்கமாட்டாள். ஆகவே நான் சொல்கிறேன். ஒவ்வொரு ஆளுக்கும் புது இலக்கம் விழுந்தது. கதையெல்லாம் உரிய ஆளிடம் போனது. வாத்தியாரின் மகளின் பக்கம் கீழே வெள்ளையாக வந்தது. மூன்று மணி.

"இப்ப நோர்வேக்கு எடுங்கோ," என்றாள்.

"வீட்டை போய் ஆறுதலா எடுக்கிறன்."

"இஞ்சை எடுங்கோ. எனக்கும் கேக்கத்தக்கதாப் போடுங்கோ."

"என்னத்தைச் சொல்லுறது?"

"நடந்ததை. கொம்பியூட்டர் செய்ததெண்டு சொல்லப்படாது. கொம்பியூட்டர் குடுத்ததைப் பறிச்சு இன்னொருத்தருக்குக் குடுக்காது. குடுத்தது நீங்கள்."

எழுபது வயதில் எனக்கு இப்படி ஒருவர் கட்டளை போட்டதில்லை. எழும்பிப் போயிருப்பேன். அந்தப் பிள்ளைக்குச் சேலைன் ஏறுகிறது. எடுத்தேன்.

"தங்கச்சி, நான் மருதனார்மடத்திலை இருந்து கதைக்கிறன். வாத்தியாரின்ரை பிள்ளைக்கு எழுத்து ஒண்டும் நடக்கேல்லை. ஒரே இலக்கத்தை நான் ரெண்டு மூண்டு பேருக்குக் குடுத்திட்டன். மற்றப் பிள்ளையின்ரை கதை இதிலை வந்திட்டுது. பிழை என்ரை."

அந்தப் பக்கம் குசினியில் தண்ணி ஓடும் சத்தம் கேட்டது. நின்றது.

"நல்ல கதை அண்ணை. மாட்டுப்பட்ட உடனை இலக்கம் மாறிப்போச்சோ? நாங்கள் இஞ்சை குளிருக்குள்ளை கிடந்து விறைக்கிறம், மூளை விறைக்கேல்லை."

"சத்தியமாச் சொல்லுறன் தங்கச்சி."

"சத்தியம் எனக்கு வேண்டாம். அப்ப அந்த எழுத்து முறிஞ்ச பிள்ளை ஆர்? பேரையும் ஊரையும் சொல்லுங்கோ. நான் விசாரிச்சுப் பாத்திட்டு நம்புறன்."

பேர் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. தகப்பன் பேர், ஊர், ஒழுங்கை எல்லாம். சொன்னால் ஒரு நிமிடத்தில் வாத்தியாரின் மகள் தப்பிவிடுவாள். நாற்பது வருடமாக நான் செய்துவந்த வேலைதானே அது. ஒரு வீட்டின் கதையைச் சொல்லித்தான் இன்னொரு வீட்டின் கலியாணத்தை ஒப்பேற்றியிருக்கிறேன். வாயைத் திறந்தேன்.

அவள் உள்ளங்கையை என் போனின் மேல் வைத்து அமத்தினாள்.

"அந்தப் பிள்ளைக்கு இப்ப ஒரு இடத்திலை பேச்சு நடக்குது ஐயா. நீங்கள்தான் காலமை சொன்னனீங்கள்."

"அப்ப வாத்தியாரின்ரை பிள்ளை?"

அவள் கையை எடுத்துவிட்டுப் போனை நோக்கிக் குனிந்தாள்.

"அக்கா, உந்த வலைத்தளம் செய்த ஆள் கதைக்கிறன். பேர் சொல்லேலாது."

"நீர் ஆர் எனக்குச் சட்டம் சொல்ல?"

"ஒருத்தருமில்லை. உங்கடை தம்பியின்ரை பக்கமும் என்ரை முன்னாலை திறந்துதான் கிடக்கு. அதிலையும் கீழை எழுதிக் கிடக்கு. நாளைக்கு ஒரு பொம்பிளை வீட்டுக்காரர் எடுத்து, பேரையும் ஊரையும் சொல்லு எண்டு கேட்டால், நான் சொல்லவோ? உங்களுக்குச் சொன்னமாதிரி அவையளுக்கும் சொல்ல வேணுமெல்லோ."

போன் கட்டாகிவிட்டதோ என்று நான் குனிந்து பார்த்தேன். பிறகு அக்காவின் குரல், வேறொரு ஆளின் குரல் போல வந்தது.

"வாத்தியாரை எனக்கு எடுக்கச் சொல்லுங்கோ அண்ணை."

ஆவணியில் கலியாணம் நடந்தது. நான் முன்வரிசையில் இருந்தேன். வாத்தியார் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. பந்தியில் என்னைத் தாண்டிப் போகும்போது, "இவருக்கு இன்னும் கொஞ்சம் பாயாசம் விடுங்கோ," என்று யாரிடமோ சொன்னார். பிள்ளை மெலிந்திருந்தது. அன்றைக்குச் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

ஆனால் அன்றைக்குக் கரவெட்டியில் வேலை அத்தோடு முடியவில்லை. "இப்ப ரியூட்டரிக்கு எடுங்கோ," என்றாள். எடுத்தேன். ஒரே நாளில் இரண்டாம் தரம் பிழை என்ரை என்று சொன்னேன். அவர்கள் திரும்ப வரச் சொன்னார்கள். அவள், "யோசிச்சுச் சொல்லுறன்," என்றாள், அவர்கள்தான் வேலை கேட்டு வந்தது போல.

எனக்கு ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. அந்த நோர்வே மாப்பிள்ளையின் பக்கத்தை எழுதியது நான். அதில் கீழே கிடந்தது ஒரே ஒரு வரி: உயரம் காணாது என்று ஒரு பொம்பிளை வீடு விலகியது. இதற்கா அந்த அக்கா அப்படி அடங்கினா?

"பிள்ளை, மாப்பிளையின்ரை பக்கத்திலை என்ன எழுதிக் கிடந்ததெண்டு பாத்தனீரே?"

"இல்லை."

"திறந்து கிடக்கெண்டு சொன்னீர்?"

"திறந்துதான் கிடக்கு. நான் வாசிக்கேல்லை."

"ஒரு வரியும்?"

"நான் ஆற்றை கதையும் வாசிக்கிறேல்லை ஐயா. இலக்கம் சரியோ எண்டு மட்டும்தான் பாக்கிறனான். அந்த அக்காவுக்குத் தான் என்னத்தை ஒளிச்சு வைச்சிருக்கிறா எண்டு தெரியும். எனக்கென்னத்துக்கு?"

நான் வாழ்நாள் முழுக்கத் தேடிச் சேர்த்த சனத்தின் கதை முழுவதும் ஒன்றரை வருடம் அவளின் கைக்குள் கிடந்திருக்கிறது. எந்த வீட்டில் எது உடைந்தது, எந்தப் பிள்ளை எதற்காக அழுதது, எல்லாம். ஒரு வரி வாசிக்கவில்லை. அவள் அதைப் பெருமையாகவும் சொல்லவில்லை. எனக்கு அவளில் இருந்த கோபம் அந்த இடத்தில் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை, இன்னும் கூடியது.

தாய் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. அவள் எழும்பிக் கதவைத் திறந்து பிடித்தாள்.

"குடிச்சிட்டு வெளிக்கிடுங்கோ. இனி வராதேங்கோ."

நின்றபடியே குடித்தேன். சீனி போட்டிருக்கவில்லை. கேட்கவுமில்லை.